படுத்தால் மறைந்துவிடும் வலி

எப்போதிலிருந்து வலிக்கிறது?

எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். இன்றைக்கும் இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. முதல் டாக்டரிடம், மகள் பிறந்த பிறகு என்றேன். அடுத்தவரிடம், அவளுக்குப் பால் மறக்கடித்த பிறகு என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்தால், அவள் வயிற்றில் இருக்கும்போதே இடது தொடையின் உள்பக்கம் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்ததும், பிரசவத்துக்குப் பிறகு அது வற்றிப்போனதும் நினைவுக்கு வந்தன. அப்படியானால் அப்போதிலிருந்தா? கல்யாணத்துக்கு முன்னால், கம்பெனியில் சேர்ந்த புதிதில், நாள் முழுக்க நின்றுவிட்டு வரும்போது அடிவயிறு கனக்குமே, அதுவும் இதுதானா? அதை அப்போது நான் வலி என்றே எண்ணவில்லை. வேலைக்குப் போகிற எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குத் தோல் பார்க்கிற வேலை. கெமிஸ்ட்ரி படித்தவள். டீச்சராகப் போயிருக்கலாம் என்று என் அம்மா வீட்டில் இன்னமும் சொல்வார்கள். தொழிற்சாலைகளிலிருந்து பதனிட்டு வருகிற தோல்களை மேசையில் போட்டு, ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து, எங்கே கீறல், எங்கே சிரங்கு வடு, எங்கே ரத்தக்குழாய் ஓடிய தடம் என்று வெள்ளி நிறப் பேனாவால் வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட இடத்தை விட்டுவிட்டுத்தான் ஷூவுக்கு வெட்டுவார்கள். உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது. மேசை அகலம், தோல் அதைவிட அகலம்.

வலி காலையில் இருக்காது. அதுதான் பெரிய சிக்கல். காலையில் எழுந்தால் எனக்கே சந்தேகமாக இருக்கும், நேற்று நிஜமாகவே வலித்ததா என்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்ல இறங்கும். கூர்மையான வலி இல்லை. அடிவயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழியாமல் தொங்கவிட்ட மாதிரி ஒரு கனம். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடுப்பு கழன்று விழுந்துவிடும் போல இருக்கும். வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் படுத்தால் போய்விடும். படுத்தால் போய்விடுகிற ஒன்றை யாரிடம் போய் நோய் என்று சொல்வது?

என் மகள் சாயங்காலம்தான் என்னைப் பார்க்கிறாள். காலையில் நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். பால்வாடி விட்டு வந்து, நாத்தனாரின் பெரிய மகளோடு அவர்கள் வீட்டு வாசலில் காத்திருப்பாள். பஸ் சத்தம் கேட்டதும் ஓடி வந்து இரண்டு கையையும் மேலே தூக்குவாள். "அம்மா, தூக்கு." அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் நாள் முழுக்க நிற்கிறேன். கேட்டதும் பயமாக இருக்கும். தூக்கினால் கண் இருட்டுகிற மாதிரி இழுக்கும்.

பொங்கல் லீவில் அமிர்திக்குப் போனோம். அருவியில் தண்ணீர் அவ்வளவாக இல்லை. மிருகக் காட்சிசாலையில் மான் பார்க்க வேலி உயரமாக இருந்தது. அதற்குள் பாதி நாள் நடந்தும் நின்றும் ஆகிவிட்டது. மகள் கையைத் தூக்கினாள். நான் குனிந்தேன், பாதியில் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். அவள் மானைப் பார்க்காமல் திரும்பி என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, உனக்கு நான் வெயிட்டா?"

அன்றைக்குத்தான் எனக்குப் பிடிவாதம் வந்தது. இது என்னவென்று ஒரு படத்தில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை என்று நானே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இரண்டில் ஒன்று.

ஆனால் ஸ்கேன் எடுக்காமல் இருந்தோமா என்றால், எடுத்தோம். அதற்கு முன்னாலேயே இரண்டு, பொங்கலுக்குப் பிறகு ஒன்று. மூன்றையும் ஒரே மாதிரிதான் எடுத்தோம், அதைச் சொல்லியாக வேண்டும். வார நாளில் லீவு போட்டால் மேசையில் தோல் தேங்கி, வெட்டுகிற பக்கம் பத்துப் பேர் சும்மா நிற்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைதான். சர்ச்சுக்குப் போகாமல் வேலூருக்கு. முந்தின நாள் சனிக்கிழமை அரை நாள் வேலைதான்; மதியத்திலிருந்தே நாத்தனார் பொறுப்பை எடுத்துக்கொள்வார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி, எங்களுக்கு அடுத்த வீடு. அதே கம்பெனியில் தையல் லைனில் சூப்பர்வைசர். வாயும் சூப்பர்வைசர் வாய்தான்.

"நாளிக்கு ஸ்கேனு. ஒன்னியும் தொடாத. பாத்திரம் நான் கழுவிக்கிறேன். நீ போய்ப் படு. காலுக்கு ரெண்டு தலகாணி வை."

"அண்ணி, துணி மட்டும் காய வெச்சிட்டு…"

"இன்னா துணி? பரிட்சைக்குப் போற புள்ள ராத்திரி தூங்காம போனா ஃபெயில்தான் ஆவும். படுறீ."

எங்களுக்கு ஸ்கேன் என்றால் பரீட்சை மாதிரிதான். தலைக்குக் குளித்து, துவைத்த உடுப்பு போட்டு, நல்ல முகத்தோடு போக வேண்டும். டாக்டர் முன்னால் நலிந்து போய் நிற்பது எங்கள் வீட்டில் மரியாதை இல்லை. போகிற வழியிலும் பஸ்ஸில் நிற்கவிட மாட்டார்கள். காசு போனாலும் வேலூர்வரை ஆட்டோதான். அங்கே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கும்போதும், பெஞ்சில் இடம் இருந்தால் என்னைச் சாய்ந்து படுக்கச் சொல்வார் அண்ணி. அப்படிப் பத்திரமாகக் கொண்டுபோய்ப் படுக்கையில் படுக்க வைத்து, வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்த்தார்கள். ஒருமுறை உள்ளே வைத்தும் பார்த்தார்கள். கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது. சினைப்பை நன்றாக இருக்கிறது. கட்டி இல்லை, நீர் இல்லை. மூன்று முறையும் நார்மல்.

நார்மல் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிடும். அவர் தோல் ஷாப் என்று நாங்கள் சொல்கிற பதனிடும் தொழிற்சாலையில் சாயம் ஏற்றுகிற பிரிவில் இருக்கிறார். விரல் நகங்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அந்தக் கையால் என் தோளைத் தட்டி, "நார்மல்னா நல்லதுதான? அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வர்ற?" என்பார்.

"வலிக்குதுங்க."

"இப்ப வலிக்குதா?"

இப்போது வலிக்காது. ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மூன்றாவது முறை, பிரசவம் பார்க்கிற ஒரு டாக்டர் கொஞ்சம் கருணையோடு கேட்டார், வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று. இரண்டாவது குழந்தைக்குப் பயப்படுகிறீர்களா என்றும் கேட்டார். அவர் கேட்டது தப்பில்லை. எல்லோரும் இரண்டாவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. பயந்துகொண்டுதான் இருந்தேன். அப்படியானால் பயம்தான் வயிற்றில் இறங்கிக் கனக்கிறதோ என்று நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். வேலைக்குப் போகச் சோம்பலோ? பிள்ளையைத் தூக்க மனமில்லையோ? மேசை முன்னால் நிற்கும்போது கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்து பார்த்தேன், வலி வருகிறதா என்று. வந்தது.

இதற்கிடையில் அண்ணி, எங்கள் தெருவில் வாராவாரம் வீட்டுக்கு வீடு மாறி நடக்கிற ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, "பேரு சொல்லல, நம்ம சகோதரி ஒருத்திக்கு ரொம்ப நாளா அடிவயித்துல வலி, டாக்டருங்களுக்கும் புரியல, அவளுக்காக ஜெபிச்சுக்கங்க" என்றார். பேர் சொல்லவில்லைதான். சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வரும்போது ஒரு பெரியம்மா என் கையில் ஓமவாட்டர் பாட்டிலைத் திணித்தார்.

"ஏன் அண்ணி இப்படி?"

"ஜெபத்துக்கு அட்ரஸ் வாணாவா? யாருக்குன்னு தெரியாம எங்கப் போயி சேரும்?"

சிரிப்பு வந்துவிட்டது. கோபப்படத்தான் நினைத்தேன்.

நான்காவதற்கு என் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். கடுமையாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். "இதான் கடசி. இதுலயும் நார்மல்னு வந்தா, வுட்டுடலாம். நீயும் வலி வலின்னு நெனச்சிக்கினே இருக்காத. என்னா?" நான் சரி என்றேன். அவர் கேட்டால் சரி என்று சொல்லிப் பழகிவிட்டது. ஆனால் படத்தில் ஒன்றும் தெரியாவிட்டால், அதன் பிறகு வலிக்கிறது என்று சொல்லக்கூட எனக்கு உரிமை இருக்காது.

இந்த முறை ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை கேட்டோம். அந்த ஸ்கேன் பார்க்கிற டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார், வியாழக்கிழமை சாயங்காலம்தான் என்று சொல்லிவிட்டார்கள். மாற்றவே முடியாது என்றார்கள். எனக்கு ஒரே பேஜாராகிவிட்டது. அன்றைக்கென்று கம்பெனியில் அவசர ஆர்டர். மதியம்வரை நின்றுவிட்டு, பெர்மிஷன் கேட்டு, அண்ணியும் நானும் கேட்டைத் தாண்டி ஓடி வேலூர் பஸ்ஸைப் பிடித்தோம். உட்கார இடமில்லை. பள்ளிகொண்டா தாண்டியும் கிடைக்கவில்லை. கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. என் மேல் தோல் வாசமும் பசை வாசமும் அடித்தன. அடிவயிறு இழுத்த இழுப்பில் பஸ் கம்பியைப் பிடித்த கை வியர்த்துவிட்டது.

ஸ்கேன் அறைக்குள் போனதும் முதலில் நான் மன்னிப்புத்தான் கேட்டேன். டாக்டர் என் வயதுப் பெண்தான் இருக்கும். கம்ப்யூட்டர் திரையிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர், நான் நேரா வேலையிலேர்ந்து வர்றேன். குளிக்கல. ரெஸ்ட்டும் எடுக்கல. வேற ஒரு நாளு ஒழுங்கா வரட்டுமா?"

"இப்போ வலி இருக்கா?"

"இப்பதான் டாக்டர் ஜாஸ்தி. அதனாலதான் சொல்றேன்…"

"அப்போ இப்பவே பாக்கணும்."

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரம்மா, பஸ்ல வேற நின்னுக்கினே வந்தா. ஒரு பத்து நிமிஷம் படுக்க வெச்சிட்டு அப்பறமா பாருங்களேன். வலி அடங்கிடும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "வலி அடங்கிட்டா அப்பறம் நான் எதப் பாக்கறது?"

அவர் பழைய ஸ்கேன்களைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் எப்போது எடுத்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னார். முந்தின நாளே படுக்க வைத்துவிடுவதை, காலுக்கு இரண்டு தலையணையை, ஆட்டோவை, பெஞ்சை. சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கோபம் இல்லை. தேடிக்கொண்டிருந்த சாவி கிடைத்தவர் முகம்.

பிறகு என்னிடம், இதுவரை யாரும் கேட்காத சில கேள்விகளைக் கேட்டார். நின்றால் அதிகமா, படுத்தால் குறையுமா? மாதவிலக்குக்கு முன்னால் கூடுமா? தாம்பத்தியத்துக்குப் பிறகு வலி நீடிக்குமா? கீழே, சொல்லக் கூச்சப்படுகிற இடத்தில், நரம்பு புடைத்து இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். கடைசிக் கேள்விக்கு அண்ணி திரும்பிச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டார். இதையெல்லாம் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. வயிற்று வலிக்குப் போய்விட்டுத் தொடையைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

முதலில் படுக்க வைத்துப் பார்த்தார். "ம்… லேசா தெரியுது. எழுந்து நில்லுங்க." படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முன்னால் வைத்து நின்றேன். இடது பக்க அடிவயிற்றில் கருவியை வைத்து அழுத்தினார். "மூச்ச உள்ள இழுத்துப் பிடிச்சிக்கிட்டு, முக்குங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. மெல்ல முக்கினேன்.

"இன்னும்."

"புள்ள பெத்தவதான நீ? முக்குறீ!" என்றார் அண்ணி, காலண்டரை விட்டுவிட்டு.

முக்கினேன். திரையில் அதுவரை கறுப்பாக, அசையாமல் இருந்த வளைந்த குழாய்கள் திடீரென்று சிவப்பும் நீலமுமாக நிறைந்தன. மழை நாளில் தெருக் கால்வாய் சட்டென்று நிறைகிற மாதிரி. மூச்சை விட்டதும் அடங்கின. மறுபடி பிடித்தேன், மறுபடி நிறைந்தன. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"பாத்தீங்களா? இதுதான் உங்க வலி."

நான் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது.

"உங்க வீட்ல மோட்டார் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"கெணத்து மோட்டார் இருக்குது" என்றார் அண்ணி.

"ஃபுட்வால்வு போய்ட்டா என்ன ஆகும்?"

"ஏத்துன தண்ணி திரும்ப எறங்கிடும்."

"அவ்ளோதான். வயித்துலேர்ந்து ரத்தம் மேல ஏறிப் போகணும். குழாய்க்குள்ள சின்னச் சின்ன வால்வு இருக்கும், அதுதான் கீழ எறங்காம தடுக்கும். கர்ப்பமா இருக்கும்போது குழாய் அகலமாகி, சில பேருக்கு வால்வு சரியா மூடாமப் போய்டும். நின்னா ரத்தம் கீழயே தேங்கும், கனக்கும். படுத்தா வடிஞ்சிடும். கால்ல வெரிகோஸ்னு சொல்றாங்கல்ல, அது வயித்துக்குள்ள வந்த மாதிரி. நீங்க ஒவ்வொரு வாட்டியும் நல்லா வடிய வெச்சிட்டு வந்து படுத்திருக்கீங்க. அதான் யாருக்கும் தெரியல."

நான் இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் என் வேலையே இதுதான். மேசையில் தட்டையாகக் கிடக்கும்போது தோல் எல்லாம் நல்ல தோல்தான். ரத்தக்குழாய்த் தடம் இருக்கிறதா என்று பார்க்க, அதை முட்டியின் மேல் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுக்காமல் பார்த்து அனுப்பினால், ஷூ அச்சில் ஏற்றி இழுக்கும்போது கிளை கிளையாகத் தடம் எழும்பும், மொத்தமும் வீண். புதிதாக வருகிற பெண்களுக்கு நான்தான் இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். தோல் விஷயத்தில் தெரிந்திருந்தது, எனக்கென்று வரும்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும், படுத்துத்தான் ஸ்கேன் எடுப்பார்கள் என்கிறபோது நிற்கட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்திருக்காது.

வெளியே வந்து என் வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். பின்னால் சாயம் ஏற்றுகிற டிரம் சுற்றும் சத்தம் கேட்டது.

"இருக்குதுங்க!"

"இன்னா இருக்குது?"

"வலி. படத்துல தெரியுது. கலரா தெரியுது."

"இப்ப நான் சந்தோஷப்படணுமா, கவலப்படணுமா? அத மொதல்ல சொல்லு" என்றார்.

"சந்தோஷந்தான் படணும்" என்றேன். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். அண்ணி முதுகைத் தட்டிக்கொண்டே, பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம், "ஒன்னுமில்ல, நோவு கண்டுபுடிச்சிட்டாங்க, அந்த சந்தோஷத்துல அழுவுறா" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

உறுதிப்படுத்த ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தது. எந்தக் குழாய், எங்கிருந்து எங்கே போகிறது, வேறு எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று அதில் முழுசாகத் தெரியுமாம். உள்ளே போகும் முன் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றார்கள். தாலியைக் கழற்றிக் கொடுத்தபோது அண்ணி அதைப் பைக்குள் வைக்காமல் உள்ளங்கையில் மூடி இறுக்கிக்கொண்டார். குழாய் மாதிரியான அந்த இயந்திரத்துக்குள் போனதும் தகரக் கொட்டகையில் கல் மழை பெய்கிற மாதிரிச் சத்தம். காதில் பஞ்சு வைத்தும் கேட்டது. நான் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொல்லிப் பார்த்தேன், பாதியில் மறந்துவிட்டது. பிறகு மகளின் பால்வாடிப் பாட்டைச் சொன்னேன், அது முழுசாக வந்தது. வெளியே வந்தபோது அண்ணியின் உள்ளங்கையில் தாலியின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது.

டாப்ளரில் பார்த்தது சரிதான். இடது சினைப்பையிலிருந்து மேலே போகிற குழாய் அகன்று, கர்ப்பப்பையைச் சுற்றிலும் கொத்துக் கொத்தாகப் புடைத்திருந்தது.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம் என்னை உட்கார வைத்துவிட்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாதனூர் தாண்டியபோது, முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அந்த டாக்டரம்மா, என்ன மாதிரி வயசானவங்களுக்கும் பாப்பாங்களா?"

"உங்களுக்கு இன்னா அண்ணி?"

"ஒன்னுமில்ல. அவங்க உன்னக் கேட்டாங்கல்ல, வரிசயா. நின்னா வலிக்குதா, அங்க நரம்பு பொடச்சிருக்கா… எல்லாத்துக்கும் நானும் உள்ளுக்குள்ள ஆமா ஆமான்னு சொல்லிக்கினே இருந்தேன்."

"எப்பலேர்ந்து?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நானும் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன்.

"மூனாவதுக்கு அப்பறம்னு வையேன். இல்ல ரெண்டாவதா? யாருக்குத் தெரியும்? பொம்பளன்னா சாயங்காலம் இப்படித்தான் இருக்கும்னு இருந்துட்டேன். உனக்கு வந்தப்போ, சின்னப் பொண்ணுக்கு இப்படி இருக்கக் கூடாதேன்னுதான் ஜெபம் பண்ணச் சொன்னேன்."

என்னைப் படுக்க வைத்து, பாத்திரம் கழுவி, ஆட்டோ பிடித்த அத்தனை நாளும் அவருக்கும் வலித்திருக்கிறது. எழுந்து ஜன்னலோரத்தை அவருக்குக் கொடுத்தேன். "உக்காருறீ, பெரிய தியாகி" என்று அதட்டினார். ஆனால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். அடுத்த மாதம் அவரை அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வேலை முடிந்து நேராக, நின்றுகொண்டே. சர்ச்சுக்குப் போகிற சேலையில்தான் வருவேன் என்று அடம் பிடித்தவரை, கம்பெனிக் கோட்டோடு இழுத்துக்கொண்டு போனேன். அவருக்கும் இருந்தது. என்னைவிடக் கம்மி.

இப்போது கம்பெனியில் எனக்கு உயரமான ஒரு ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள். முழுத் தோலை இழுத்துப் பார்க்கும்போது மட்டும் எழுந்து நிற்கிறேன். மற்ற நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகள் தலையணையோடு காத்திருக்கிறாள். "அம்மா, மொதல்ல படு. ரத்தம் போகட்டும். அப்பறம் தூக்கு." இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, அண்ணியாகத்தான் இருக்கும். சுவரில் காலை உயர்த்திப் படுத்துக்கொள்கிறேன். அவளும் பக்கத்தில் படுத்துத் தன் குட்டிக் கால்களைச் சுவரில் வைத்துக்கொள்கிறாள். பிறகு எழுந்து அவளைத் தூக்குகிறேன். வாசல் விளக்கின் சுவிட்சு வரைக்கும். அவள் அழுத்துகிறாள், விளக்கு எரிகிறது, இறக்கிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை. அவளுக்கு அது போதவில்லை, எனக்கும்தான். ஆனால் நான் வெயிட்டா என்று அவள் இப்போது கேட்பதில்லை.

இதை முழுசாகச் சரிசெய்ய வழி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கழுத்திலோ தொடை இடுக்கிலோ சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, படத்தில் பார்த்துக்கொண்டே பழுதான ரத்தக்குழாயைச் சிறு கம்பிச் சுருளால் அடைத்துவிடுவார்களாம். பெரிய வெட்டு இல்லை, கர்ப்பப்பையைத் தொடுவதில்லை. சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடலாமாம். எல்லோருக்கும் வலி முழுக்கப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, பெரும்பாலும் நன்றாகக் குறையும் என்றார்கள். அதை மறைக்காமல் சொன்னதே எனக்கு நம்பிக்கையாக இருந்தது.

ஒன்றில்தான் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன். எனக்கு இரண்டாவது குழந்தை வேண்டும். மற்றவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக இல்லை, எனக்கே வேண்டும். நோய் என்னவென்று தெரிந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. முதலில் அடைத்துவிட்டால், வலி இல்லாமல் பிள்ளையைச் சுமக்கலாம், ஆனால் அந்தக் கர்ப்பத்திலேயே வேறு குழாய்கள் அகன்று திரும்பவும் வரலாம். முதலில் பிள்ளை பெற்றுக்கொண்டால், ஒரே முறை சிகிச்சையோடு முடிந்துவிடலாம், ஆனால் கர்ப்பம் முழுக்க வலி இன்னும் கூடும், மகளைத் தூக்கவே முடியாது. அடைக்கிற டாக்டர் ஒன்று சொல்கிறார், பிரசவம் பார்க்கிற டாக்டர் இன்னொன்று சொல்கிறார். இரண்டு பேரும் கடைசியில், "ரெண்டும் தப்பில்ல, உங்க விருப்பம்" என்று முடிக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார்: "உன் ஒடம்பு, நீ சொல்லு. இந்த வாட்டி நான் சரின்னு சொல்றேன்." ஆற்காடு போய் வந்தவர் மக்கன் பேடா இனிப்பு டப்பாவை என் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார். இத்தனை நாள் எல்லோரும் சொன்னதைக் கேட்டு நடந்தவளுக்கு, நீயே சொல் என்றால் ராத்திரித் தூக்கம் வருவதில்லை. அண்ணியைக் கேட்டால், "நான் மூனு பெத்துட்டுக் கண்டுபுடிச்சவ, என்னப் போயிக் கேக்குற" என்கிறார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களில் இந்த வலி வந்து, இந்தக் குழாயை அடைத்துக்கொண்ட அம்மாக்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் எதை முதலில் செய்தீர்கள், பிள்ளையையா, சிகிச்சையையா? வீட்டில் இருக்கிற மூத்த குழந்தைக்கு அதை எப்படிச் சொன்னீர்கள்? மறுபடியும் அதை எப்போது தூக்க முடிந்தது? டாக்டர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் வாசலில் உங்கள் பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.